உருளைக்கிழங்கு வெந்த மணி

பெரியப்பாவிடமிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். விளிம்பு உடைந்துபோன ஒரு வெண்கல மணி. ஒரு சாண் உயரம்கூட இல்லாத சின்ன மணி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘வெள்ளைக்காரனுக்கு முன்பே நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழன்!’ அதைத் தொடர்ந்து பெரியப்பாவின் குரல்பதிவு வரும். “ஏம்மா, நீ இருக்கிற ஊருக்கு நம்ம ஆளு எப்பவோ வந்துட்டுப் போயிருக்கான், பாத்தியா? உன் மவன்ட்ட சொல்லு.” பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தம்பி மகளை நினைத்துக் கவலைப்படும் மனுஷன் அவர். நான் போயிருப்பது முற்றிலும் அந்நியமான மண் இல்லை, நம்மவர் கால் ஏற்கெனவே பட்ட இடம்தான் என்று நினைப்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. அது எனக்கு நன்றாகவே புரியும்.

முதல் முறை படம் வந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நாங்கள் வெலிங்டனுக்குப் பக்கத்தில் பெட்டோனியில் குடியேறி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. குளிர்காற்றும் தனிமையுமாக இருந்த நாட்கள். அந்த மணி இங்கேயேதான், வெலிங்டனில் இருக்கும் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும், ஏதோ சொந்தக்காரர் வீடு பக்கத்துத் தெருவில் இருப்பதைப் போல ஒரு தெம்பு. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் படத்தைக் காட்டினேன். ஆனால் வருடங்கள் போகப் போக, அதே படம் திரும்ப வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மணி உண்மை, எழுத்து உண்மை, அப்புறம் எதற்கு இந்தச் சங்கடம்? ஒன்பது வருடம் கழித்து ஒரு மாலை வகுப்பில்தான் அது பிடிபட்டது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

மணியில் இருக்கும் பெயர்

முதலில் ஒன்று. அந்த மணியில் இருக்கும் வாசகம் ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’. முகையதீன் பக்ஷ் என்ற பெயரைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி வெட்டியிருக்கிறார்கள். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ வளர்ந்த எவருக்கும் இது அந்நியப் பெயர் இல்லை. முகைதீன் என்ற பெயரில் என் அப்பாவுக்கே மூன்று நண்பர்கள் உண்டு. அரபு வணிகத்தோடும் தென்கிழக்காசியத் துறைமுகங்களோடும் பல நூற்றாண்டுகள் கப்பல் விட்டவர்கள் நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள். ஆனால் பெரியப்பாவுக்கு வரும் செய்தியில் ஒரு முறை ‘சோழர் கப்பல்’ என்று இருக்கும், இன்னொரு முறை ‘பாண்டியர் கடற்படை’ என்று இருக்கும். முகையதீன் மட்டும் எந்த முறையும் இருக்க மாட்டார். தமிழனின் பெருமையைச் சொல்லும் செய்தியில் அந்தத் தமிழனின் பெயரையே விட்டுவிடுகிறார்கள். உறுத்தலில் ஒரு பங்கு இதுதான் என்று இப்போது தெரிகிறது.

இன்னொரு பங்கு ‘கண்டுபிடித்தவன்’ என்ற சொல். மணி இந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. ஆளில்லாமல் அலைந்த கப்பல் ஒன்று நீரோட்டத்தில் இங்கே வந்து ஒதுங்கியிருக்கலாம் என்பார்கள். பிற்காலத்து ஐரோப்பியக் கப்பல் ஒன்றில் பண்டமாற்றுப் பொருளாக வந்திருக்கலாம் என்பார்கள். எழுத்தின் பழமையைக் காட்டி ஐந்நூறு வருடத்து மணி என்பவர்களும் இருக்கிறார்கள். எது சரியானாலும் சரி, மணி மட்டும்தான் இங்கே வந்தது என்று சொல்ல முடியும். மனிதர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். சுமார் 1300-ஆம் ஆண்டை ஒட்டி, கிழக்குப் பாலினீசியத் தீவுகளிலிருந்து நட்சத்திரத்தையும் அலையையும் பறவையையும் பார்த்துப் படகு செலுத்தி வந்தவர்களின் பிள்ளைகள், மாவோரிகள். 1836 வாக்கில் அந்த மணியை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி ஃபாங்காரெய் பக்கம் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்களாம்.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பாத்திரம் தமிழ்க் கடற்கரையிலிருந்து வந்தது. கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி வந்தது. நம் அடுப்படிக்கும் அது அந்த வழியில்தான் வந்தது. 1770-களில் இங்கே வந்து சேர்ந்த அந்தக் கிழங்கை மாவோரிகள் சட்டென்று பிடித்துக்கொண்டு, தின்றது போகத் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு விற்கும் அளவுக்குப் பயிரிட்டார்கள். அடுப்பு மூட்டிய கைகள் அந்த மண்ணின் கைகள். பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்தவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்து அச்சுத் தொழிலாளி. இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில், படத்தை அனுப்புகிறவர்களின் கண்ணுக்கு அந்தப் பெண்கள் மட்டும் தெரிவதே இல்லை. எனக்கும் பல வருடங்கள் தெரியவில்லை.

எதில் வந்தாய்?

2024 தொடக்கத்தில் மாவோரி மொழி கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்தேன். மகன் பள்ளியில் படித்துவிட்டு வந்து வீட்டில் பாடுகிறான், அவனுக்குப் பதில் சொல்லவாவது நாலு வார்த்தை தெரிய வேண்டுமே என்றுதான் சேர்ந்தேன். மொழி நம் வாய்க்கு அவ்வளவு இதமாக உட்கார்ந்தது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். எல்லாச் சொல்லும் உயிரில்தான் முடியும். நம்மிடம் அரிச்சுவடியோடு நின்றுபோன ‘ங’ இந்த மொழியில் சொல்லுக்கு முதலிலேயே வரும். வெள்ளைக்கார மாணவர்கள் ‘ஙா’ என்று சொல்லத் திணறும்போது எனக்கு அது இயல்பாக வந்தது. உடனே என் மனசு வேறு வேலையைத் தொடங்கிவிட்டது. ‘மனா’ என்று ஒரு சொல் உண்டு, ஆளுமை, அதிகாரம், கௌரவம் எல்லாம் சேர்ந்த பொருளில். கேட்டதும் நம் ‘மானம்’ அல்லவா என்று தோன்றியது. ஓசை ஒத்திருப்பது உறவாகிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு வாரம் அதையே மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் நம் தடத்தைத் தேடும் அந்தப் பழக்கம் பெரியப்பாவிடம் மட்டும் இல்லை.

வகுப்பெடுத்தவர் எழுபது வயதுக்காரர். வயதில் மூத்த பெண்ணை இங்கே ‘ஃபையா’ என்று கூப்பிடுவார்கள், நம் அத்தை, சித்தி மாதிரி. அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காகப் பிரம்படி பட்டவர். அதனால் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்காமலே வளர்த்தார். ஃபையா நாற்பது வயதுக்கு மேல் சொந்த மொழியை வகுப்பில் உட்கார்ந்து கற்றவர். முதல் நாளே இதைச் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, பாடத்துக்குப் போனார்.

நான்காவது வாரம் ‘பெபெஹா’ பாடம். ஒருவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அது. நம் ஊரில் முன்பின் தெரியாதவரைப் பார்த்ததும் “எந்த ஊரு?” என்றுதானே தொடங்குவோம். அதைவிட இது விரிவானது. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த ‘வாகா’ இது, என் குலம் இது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் சொந்தப் பெயர் வரும். வாகா என்றால் படகு. பசிபிக்கைக் கடந்து தன் மூதாதையரைக் கொண்டுவந்த படகின் பெயரை மாவோரிகள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

என் முறை வந்தது. மலை பொதிகை என்றேன். ஆறு தாமிரபரணி. வாகாவுக்கு வந்ததும், வீட்டிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, ‘முகையதீன் வக்குசு’ என் வாகா என்றேன். வகுப்பில் சிலர் கை தட்டினார்கள். ஃபையா தட்டவில்லை. அந்த மணி அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அப்பாவின் ஊர் வடக்கே, அந்தப் பக்கம்தான்.

“அந்தக் கப்பலில் வந்தவர்கள் உன் முன்னோரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சரி, நீ எதில் வந்தாய்?” விமானத்தில். “விமானம் உன்னைச் சுமந்து வந்தது. உள்ளே விட்டது எது?” விசா. “விசாவைக் கொடுத்தது யார்?” அரசாங்கம். “இந்த மண்ணுக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்லும் உரிமை அந்த அரசாங்கத்துக்கு எங்கிருந்து கிடைத்தது?”

நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவள். அதற்கு முன் எத்தனையோ படிவங்கள், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு. ஒவ்வொரு கட்டத்திலும் இவர்கள் என்னை ஏற்றுக்கொள்வார்களா என்றுதான் பயந்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இவர்கள் எப்படி வந்து உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி ஒரு நாளும் எழவில்லை. நாற்காலி எப்போதும் அங்கேயே இருந்ததாக நினைத்திருக்கிறேன். ஃபையா கோபமாகப் பேசவில்லை. “உன் வாகா ‘தே திரிதி’தான். 1840-இல் எங்கள் தலைவர்கள் பிரிட்டிஷ் ராணியோடு செய்த ஒப்பந்தம். என் மக்கள் கையெழுத்துப் போட்டதால்தான் நீ இங்கே நிற்கிறாய். வீட்டுக்குப் போய் அதைப் படி. ஆங்கிலத்தில் வேண்டாம். அகராதி வைத்துக்கொண்டு மாவோரியில் படி,” என்றார். அடுத்த மாணவரிடம் போய்விட்டார்.

தேசாதிபதியும் ராஜ்யமும்

அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. முன்னுரையும் மூன்று பிரிவுகளும்தான். முன்னுரையிலேயே தூக்கிவாரிப்போட்டது. தன் மக்கள் பலர் ஏற்கெனவே இந்த மண்ணில் குடியேறிவிட்டார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் ஓர் ஆட்சி ஏற்பாடு வேண்டும் என்கிறார் விக்டோரியா ராணி. குடியேறுகிறவர்களை என்ன செய்வது என்பதுதான் அந்த ஒப்பந்தம் பிறந்த காரணங்களில் ஒன்று. அப்படியென்றால் அது என்னைப் பற்றியதும்தான்.

ஆங்கில வாசகத்தை 1840 பிப்ரவரி 4 இரவோடு இரவாக மொழிபெயர்த்தவர்கள் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகன் எட்வர்டும். ஆங்கிலத்தின் முதல் பிரிவில், தலைவர்கள் தங்கள் இறைமை முழுவதையும் ராணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாவோரியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘காவனதாங்கா’. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி ஒலிக்கு மாற்றிச் செய்த புதுச் சொல். மாவோரிகளுக்கு அது பெரும்பாலும் விவிலியத்தின் வழியாகப் பழகிய சொல். இயேசுவை விசாரித்த பொந்தியு பிலாத்து அதில் காவனா. தமிழ் விவிலியத்தில் ‘தேசாதிபதி’ என்று வருகிறதே, அதே ஆள். இரண்டாம் பிரிவில், நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் அருமையான எல்லாவற்றின் மீதும் தலைவர்களுக்கு ‘தினோ ரங்கதிரதாங்கா’ உண்டு என்று ராணி உறுதி தருகிறார். ரங்கதிரா என்றால் தலைவர். ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற ஜெப வரியில் ராஜ்யத்துக்கு மிஷனரிகள் போட்டிருந்த சொல்லும் ரங்கதிரதாங்காதான். இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி. அகராதியை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிப் பழகிய ஒரு தலைவர் காதில் அந்த ஒப்பந்தம் எப்படி விழுந்திருக்கும்? தேசாதிபதியின் வேலை ராணிக்கு. ராஜ்யம் உங்களுக்கே. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை. ஐந்து வருடம் முன்பு, 1835-இல், வடக்குத் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதில் இறையதிகாரத்தைச் சொல்ல ‘மனா’ என்ற சொல் வந்திருக்கிறது. அந்த வாசகத்திலும் வில்லியம்ஸின் கை உண்டு. உங்கள் மனாவை ராணிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் எழுந்து போயிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்தேன். வேண்டுமென்றே செய்தாரா, அவசரத்தில் செய்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறவர் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதை இப்படி நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை.

இங்கேதான் மறுபடியும் கொலென்சோ வருகிறார். மணியைப் பார்த்த அதே கொலென்சோ. 1834 டிசம்பரில் ஓர் அச்சு இயந்திரத்தோடு பைஹியாவில் வந்து இறங்கியவர். மாவோரிப் புதிய ஏற்பாட்டை 1837-இல் தன் கையாலேயே அச்சடித்து முடித்தவர். அதனால் ஒவ்வொரு சொல்லும் அவர் விரல் வழியாகப் போன சொல். பிப்ரவரி 6 காலை, ஒப்பந்தம் கையெழுத்தான வைதாங்கியில், முதல் ஆளாகக் கையெழுத்திட வடக்குத் தலைவர்களில் ஒருவரான ஹோனே ஹெக்கே முன்னே வருகிறார். அந்த நேரத்தில் இந்த இளைஞர் எழுந்து, ஆளுநர் பொறுப்பேற்க வந்திருந்த ஹாப்சனிடம், இந்த மக்களுக்கு ஒப்பந்தத்தின் பிரிவுகள் புரிந்திருக்கின்றன என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். சிலரிடம் தான் பேசிப் பார்த்ததாகவும், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். புரியாவிட்டால் அது தன் தவறில்லை, அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது என்கிற மாதிரி ஹாப்சன் பதில் சொன்னார். ஹெக்கே கையெழுத்திட்டார். மற்றவர்களும் இட்டார்கள். கொலென்சோ அதற்கு மேல் தடுக்கவில்லை. பதினொரு நாள் கழித்து அந்த மாவோரி வாசகத்தை இருநூறு படிகள் அச்சடித்ததும் அவரே. அன்று நடந்ததை அவர் முழுதாக அச்சில் வெளியிட்டது 1890-இல், ஐம்பது வருடம் கழித்து.

அந்த மனிதர் மீது எனக்கு மதிப்பும் வருத்தமும் சேர்ந்தே இருக்கிறது. அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சொசைட்டிதான் அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ரேனியுஸ் என்ற மிஷனரியை எங்கள் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. அந்த வழியில் வந்த பள்ளிகளில் ஒன்றில்தான் என் பாட்டி எழுத்துக் கற்றாள். அவள் கற்றதால் அம்மா, அம்மா கற்றதால் நான். மிஷன் அச்சு இயந்திரத்தைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வராது. ஆனால் அதே எழுத்து இங்கே வேறு ஒன்றையும் செய்தது. பெரும்பாலான மாவோரிகள் பார்த்தது, கேட்டது, கையெழுத்திட்டது எல்லாம் மாவோரி வாசகத்தில்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்களில் ஆங்கிலத் தாளில் குறியிட்டவர்கள் 39 பேர். பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஆட்சி நடந்தது அந்த ஆங்கிலத் தாளின்படி.

நடந்ததை எண்களில் சொல்லிவிடலாம். 1840-இல் குடியேறிகள் சுமார் 2,000 பேர். மாவோரிகள் 70,000-க்கும் மேல். 1858-இல் குடியேறிகளின் எண்ணிக்கை மாவோரிகளைத் தாண்டிவிட்டது. 1863-இல் நிலப்பறிப்புக்குச் சட்டம் வந்தது. வைகாட்டோவில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. 1877-இல் ஒரு தலைமை நீதிபதி அந்த ஒப்பந்தமே செல்லாத ஒன்று என்றார். 1881-இல் ஆயுதம் எடுக்காமல் நிலத்துக்காக நின்ற பரிஹாகா ஊருக்குள் 1,600 பேர் கொண்ட படை நுழைந்தபோது, பிள்ளைகள் பாட்டுப் பாடி, ரொட்டி கொடுத்து எதிர்கொண்டார்கள். 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் 42,000 பேர். அழிந்துகொண்டிருக்கும் இனம் என்றுதான் அப்போது எழுதினார்கள்.

என் கடற்கரை

பெட்டோனி கடற்கரையில் தினமும் சாயந்திரம் நடப்பேன். அங்கே குடியேறிகளின் நினைவாக ஒரு கட்டடம் இருக்கிறது. 1840 ஜனவரி 22 அன்று ‘அரோரா’ என்ற கப்பல் இந்தக் கரைக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. தேதியைக் கவனியுங்கள். வைதாங்கியில் கையெழுத்தாக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்தத் துறைமுகத்துத் தலைவர்களிடம் ஒப்பந்தம் வந்து சேர்ந்ததோ ஏப்ரல் இறுதியில். ஒன்பது வருடம் அந்தக் கட்டடத்தைக் கடந்து போயிருக்கிறேன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அந்த ஆட்களை அனுப்பியது நியூசிலாந்து கம்பெனி. லண்டனில் 1839 ஜூலையில் குலுக்கல் நடத்தி மனைகளை ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு ஒரு பவுண்டு. அப்போது கம்பெனியிடம் இங்கே ஒரு பிடி மண்கூட இல்லை. கம்பெனியின் ஆட்கள் வந்து தலைவர்கள் தே புனி, தே ஃபாரேபோரி ஆகியோரிடம் ‘வாங்கியது’ செப்டம்பரில். துப்பாக்கி, கம்பளி, குடை, சிவப்பு இரவுத் தொப்பி என்று பொருள்களைக் கொடுத்தார்கள். பத்தில் ஒரு பங்கு நிலம் மாவோரிகளுக்கு ஒதுக்கப்படும் என்று வாக்கும் கொடுத்தார்கள். பேச்சை மொழிபெயர்த்தவர் டிக்கி பாரெட் என்ற திமிங்கில வேட்டைக்காரர். துறைமுகக் கொச்சை மாவோரிதான் அவருக்குத் தெரியும். விற்பது, வாங்குவது, என்றென்றைக்கும் விட்டுக்கொடுப்பது என்கிற ஆங்கிலச் சட்ட வாசகத்தை அந்தக் கொச்சையில் அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? பக்கத்தில் வந்து குடியிருக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்றுதான் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தே புனி அந்தக் குடியேறிகளை வரவேற்றார், உதவினார், கடைசி வரை அவர்களுக்கு நண்பராக இருந்தார். அவர் புதைக்கப்பட்ட இடம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். இப்போது அதைச் சுற்றிலும் கிடங்குகளும் கடைகளும்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. 1840 மே 21. தலைவர்கள் பல ஊர்களில் இன்னும் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கும்போதே, நாடு முழுவதும் பிரிட்டிஷ் இறைமைக்கு உட்பட்டது என்று ஹாப்சன் அறிவித்துவிட்டார். வடக்குத் தீவு ஒப்பந்தத்தின் வழியாக வந்தது என்றார். தெற்குத் தீவுக்கு அவர் சொன்ன காரணம் ‘கண்டுபிடிப்பு’. 1770-இல் ஆங்கிலக் கடலோடி குக் வந்து கொடி நட்டதால் அது பிரிட்டனுடையது.

கண்டுபிடிப்பு. பெரியப்பாவின் படத்தில் இருக்கும் அதே சொல். ஒன்பது வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ‘வெள்ளைக்காரனுக்கு முன்பே கண்டுபிடித்தவன் தமிழன்’ என்று சொல்லும்போது, குக்கின் நாற்காலியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அதில் நாம் உட்காரப் பார்க்கிறோம். அந்த நாற்காலி எதன் மேல் போடப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. ஆற்காட்டு நவாப் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த உரிமையை வைத்து எங்கள் பாளையங்களில் கப்பம் வசூலிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது, ‘யாரிடம் கேட்டு எழுதினாய்’ என்று கேட்டவர்களைத்தான் நாங்கள் இன்றும் கும்பிடுகிறோம். கயத்தாறு வழியாகப் பேருந்தில் போகும்போது கட்டபொம்மன் சிலையைப் பார்த்துக் கை கூப்பும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியை இங்கே கேட்பவர்கள் பக்கம் போய் நிற்பதுதான் எனக்கு இயல்பாக இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் குக்கோடு போட்டி போட எப்படி மனசு வந்தது?

நான் வகுப்பில் சேர்ந்த 2024-ஆம் வருடம் நவம்பரில், ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புது விளக்கம் கொடுக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து வடக்கு முனையிலிருந்து நடைப்பயணமாக மக்கள் வந்தார்கள். 19-ஆம் தேதி வெலிங்டனில் கூடியவர்கள் 42,000 பேர் என்று காவல்துறை சொன்னது. நானும் மகனும் போயிருந்தோம். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் ‘தங்கத திரிதி’ என்று எழுதியிருந்தது. ஒப்பந்தத்தின் மக்கள். அதன் வழியாக வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு மாவோரிகள் கொடுத்த பெயர் அது. என் மகன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “அம்மா, இது நாமதானே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த ஏப்ரலில் அந்த மசோதா 112-க்கு 11 என்று தோற்றது.

வகுப்பின் கடைசி நாளில் மறுபடியும் பெபெஹா சொன்னோம். பொதிகை, தாமிரபரணி, அப்புறம் தே திரிதி என்றேன். ஃபையா தலையசைத்துவிட்டு, ஆற்றின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தா, மி, ர, ப, ர, ணி என்று வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. உயிரெழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை.

போன மாதம் படம் மறுபடியும் வந்தது. இந்த முறை நான் குரல்பதிவு அனுப்பவில்லை, நேரே கூப்பிட்டேன். முகையதீன் பெயரைச் சொன்னேன். உருளைக்கிழங்கு வேகவைத்த பெண்களைச் சொன்னேன். தேசாதிபதி, ராஜ்யம் கதையைச் சொன்னபோது, வேதபாடம் படித்த பெரியப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “அது எப்படிம்மா, ரெண்டும் வேற வேறல்லா?” என்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்.

“ஆமா, அந்தப் பாதிரி மணியை எடுத்துட்டுப் போயிட்டாரே, அந்தப் பொம்பளைங்க அப்புறம் எதுல கிழங்கு அவிச்சாங்க?”

“பதிலுக்கு ஒரு இரும்புச் சட்டி குடுத்தாருன்னு சொல்லுதாங்க பெரியப்பா.”

“இரும்புச் சட்டியா? கிழங்கு கறுத்துல்லா போயிருக்கும்.”